ஐந்து குரல்களில் ஒரு ராக் கச்சேரி

'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' விளையாட்டு மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். எட்டு உலகங்கள், 32 கட்டங்கள், ஆமைகள், காளான்கள், காசுகள், கடைசியில் காத்திருக்கும் இளவரசி, அத்தனைக்குமான இசை, எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் வணக்கப் படங்களில் பல இதைவிடப் பெரியவை. அதே 40 கிலோபைட்டில் சி.டி. தரத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்யப் பார்த்தால் கால் நொடிகூட வராது. பாடகர் வாயைத் திறப்பதற்குள் இடம் தீர்ந்திருக்கும். ஆனாலும் 1985இல் வந்த அந்த விளையாட்டின் மெட்டை இன்றும் உலகம் முணுமுணுக்கிறது.

சூட்சுமம் இதுதான்: அந்த விளையாட்டுக் கேசட்டுக்குள் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்தக் குரலில் என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. அதைப் படித்து வாசிக்கும் வித்வான் டி.வி.யோடு இணைத்த பெட்டிக்குள் குடியிருக்கிறார். அவருக்கு மொத்தம் ஐந்து குரல்கள். அந்த ஐந்தும் ராக் இசைக்கென்றே பிறந்தவை போல அமைந்துபோனதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

விளையாட்டுக்குள் ராக்கைக் கொண்டுவர வேறொரு வழியும் இருந்தது. 1983இல் அமெரிக்காவின் பாலி மிட்வே நிறுவனம், 'ஜர்னி' என்ற ராக் குழுவையே கதாபாத்திரங்களாக்கி, காசு போட்டு ஆடும் எந்திரம் ஒன்றை வெளியிட்டது. குழுவினரின் கறுப்பு வெள்ளை முகப்படங்கள் சின்னஞ்சிறு கார்ட்டூன் உடல்களின் மேல் உட்கார்ந்திருக்கும். முடிவில் அவர்கள் மேடை ஏறும்போது 'செப்பரேட் வேஸ்' என்ற அவர்களுடைய பாட்டு நிஜமாகவே ஒலிக்கும். அந்த ஆளுயரப் பெட்டிக்குள் ஒரு டேப் ரெக்கார்டர் ஒலிநாடாவைச் சுழற்றிக்கொண்டிருந்தது! அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட, பின்னால் மேரியோவும் ஓடிய ஃபேமிகாம், வீட்டுக் கூடத்தில் டி.வி.க்கு அருகே வைக்கும் சின்னப் பெட்டி. டேப் ரெக்கார்டர் வைக்க அதில் இடமும் இல்லை, விலையும் கட்டாது. இருப்பதை வைத்துத்தான் சமாளிக்கவேண்டும்.

இருந்தது ஒரு சில்லு, அதாவது சிப். ரிக்கோ நிறுவனம் செய்த அதன் பெயர் 2ஏ03. விளையாட்டை ஓட்டும் மூளையும் ஒலி எழுப்பும் பகுதியும் ஒரே சிலிக்கன் துண்டில் அடக்கம். இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு குட்டிப் பதிவுக் குரல், இவையே அதன் பக்கவாத்தியம் உட்பட்ட முழுக் கச்சேரி.

சதுர அலை என்பது மின்சாரத்தைப் போடுவதும் அணைப்பதும்தான். நொடிக்கு 440 முறை போட்டு அணைத்தால், உலகம் முழுவதும் வாத்தியங்களைச் சுருதி சேர்க்கும் அந்த 'ஏ' சுரம் கிடைக்கும். சில்லின் கடிகாரம் நொடிக்கு ஏறத்தாழ 17.9 லட்சம் முறை துடிக்கிறது. துடிப்புகளை எண்ணிக்கொண்டே வந்து, சொன்ன எண்ணிக்கை முடிந்ததும் அலையின் அடுத்த படிக்கு நகர்வது ஒன்றே வேலை. எண்ணிக்கை முழு எண்ணாக மட்டுமே இருக்கலாம் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. 440 கேட்டால் 440.4 கிடைக்கிறது, எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று ஸ்தாயி மேலே போய் 3,520 கேட்டால் 3,496 கிடைக்கும், இல்லையென்றால் 3,608. நடுவே ஒன்றும் இல்லை. உச்சஸ்தாயியில் சில்லு சுருதி விலகும். அங்கே போகாமல் மெட்டமைப்பது அந்தக் கால இசையமைப்பாளர் கற்ற முதல் பாடங்களில் ஒன்றாக இருந்திருக்கும்.

இந்த முரட்டு அலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு தம்புராவின் அருகே போவோம். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டினால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் அதிலிருந்து தானாக எழும். கர்நாடக இசைக்காரர்களுக்கு இது பழக்கமான இன்பம். ஒரு தந்தி நொடிக்கு 100 முறை அதிரும்போது 200, 300, 400, 500 என்ற மடங்குகளிலும் கூடவே அதிர்கிறது. இவைதான் மேற்சுரங்கள். அந்தக் காந்தாரம் ஐந்தாவது மடங்கு. ஒரே சுரத்தை வயலினும் நாகஸ்வரமும் வாசித்தால் வேறுவேறாகக் கேட்பதற்குப் பெருங்காரணம், ஒவ்வொன்றிலும் மேற்சுரங்கள் கலந்திருக்கும் விகிதம் வேறு என்பதுதான்.

அலையின் வடிவம் வழவழப்பாக இருந்தால் மேற்சுரம் குறைவு. கூர்மையான மூலைகள் இருந்தால் மேற்சுரங்கள் கொட்டும். சதுர அலை முழுவதும் மூலைதான். அதில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை மடங்குகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றாவதன் வீச்சு முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தாவது ஐந்தில் ஒரு பங்கு என்று மெல்லத்தான் தேய்கின்றன. அந்தக் காலச் சின்னச் சில்லில் புல்லாங்குழல் போன்ற மென்மையை உண்டாக்குவதுதான் கடினம், செலவு. கரகரப்பு இலவசம்.

இப்போது 25 ஆண்டுகள் பின்னால், கிதார் ஒலிபெருக்கிகளின் உலகத்துக்குப் போவோம். 1958இல் அமெரிக்கக் கிதார் கலைஞர் லிங்க் ரே 'ரம்பிள்' என்ற, சொற்களே இல்லாத இசைத்தட்டுக்காகத் தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் பென்சிலால் துளைகள் போட்டார். 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டில், நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடத்தின் மேசையில் ஒரு பகுதி பழுதாகி, கிராடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் கரகரத்தது. அந்தப் பழுதை அப்படியே விட்டுவிட்டார்கள். கூடத்தின் பொறியாளர் க்ளென் ஸ்நாடி அதே கரகரப்பை வேண்டும்போது எழுப்பும் ஒரு கருவியை உருவாக்கினார். அது 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்தியதும் கடைகளில் தேடி வாங்கினார்கள். இடையே 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் இளைஞர் டேவ் டேவிஸ், தம் சின்ன ஒலிபெருக்கியின் கூம்பைச் சவரப் பிளேடால் கீறி 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்கு அந்த முரட்டுக் குரலைப் பெற்றார்.

இவர்கள் தேடியது எல்லாம் ஒன்றேதான்: டிஸ்டார்ஷன், அதாவது அலையின் வடிவத்தை வேண்டுமென்றே கெடுப்பது. கருவியைக் கிழிக்காமல் அதைப் பெறப் பெரும்பாலானோர் கண்ட வழி, ஒலிபெருக்கியை அதன் சக்திக்கு மீறித் திருகுவது. எந்தப் பெருக்கியும் ஓர் உயரத்துக்கு மேல் மின்னழுத்தத்தைத் தூக்க முடியாது. தந்தியின் அலை அந்த எல்லையைத் தாண்டி எழப் பார்க்கும்போது உச்சி வெட்டுப்படுகிறது. உருண்டையாக இருந்த முகடு தட்டையாகிறது, பக்கங்கள் செங்குத்தாகின்றன. தந்தியில் இல்லவே இல்லாத மேற்சுரங்கள் மூலைகளிலிருந்து பிறக்கின்றன. இன்னொரு லாபமும் உண்டு. தந்தியின் அதிர்வு தேய்ந்துகொண்டே வந்தாலும், அது எல்லையைத் தொடும்வரை வெளியே வரும் ஒலியின் பலம் குறைவதில்லை. அதனால்தான் ராக் கிதாரின் ஒற்றைச் சுரம் நொடிக்கணக்கில் நீண்டு நிற்கிறது.

உச்சியும் அடியும் தட்டை, பக்கங்கள் செங்குத்து. அது ஏறக்குறைய சதுர அலைதான்! கிதார்காரர்கள் வாத்தியத்தைப் படாதபாடு படுத்திப் பெற்ற வடிவம், மலிவு கருதிச் செய்த சில்லுக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. எட்டு பிட் விளையாட்டு இசையை, அதாவது இந்த வகைச் சில்லுகளின் இசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்திப்புதான் பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது. ஒருவர் நிறைய இருந்து கெடுத்து வந்தார், மற்றவர் ஒன்றும் இல்லாமல் வந்தார். சேர்ந்த இடம் ஒன்று.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. ராக் கிதாரின் அடித்தளம் 'பவர் கார்ட்' எனப்படும் இரட்டைச் சுரம். நமக்கு அது வெறும் சட்ஜம், பஞ்சமம். தம்புராவின் தந்திகளில் எந்நேரமும் ஒலிக்கும் இணை. மேற்கத்திய இசையில் வழக்கமாக நடுவே வரும் காந்தாரத்தை ராக்காரர்கள் ஏன் விட்டார்கள்? கெடுக்கப்பட்ட ஒலியில் இரண்டு சுரங்கள் சேர்ந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக முளைக்கும். 110, 165 என்ற சட்ஜ பஞ்சமத்தில் கழித்தல் 55. அது ஒரு ஸ்தாயி கீழே அதே சட்ஜம். கூட்டல் 275, அந்த 55இன் சரியான ஐந்து மடங்கு. எல்லாம் ஒரே குடும்பம். கிதாரின் காந்தாரத்தையும் நுழைத்தால் கழித்தல்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். அதனால் இரண்டே சுரம். நம் சில்லிலும் இரண்டே சதுரக் குரல்கள். அவை கிதார் பெருக்கியில் நடப்பது போல ஒன்றையொன்று குலைப்பதில்லை என்பதால் கீழே அந்த மந்தர சட்ஜம் தானாக முளைக்காது. அதைக் கொடுக்க மூன்றாவது குரல் காத்திருக்கிறது.

அதற்கு முன் சதுர அலையின் இன்னொரு வித்தை. ஒரு சுற்றை எட்டுப் பங்காக்கி அதில் எத்தனை பங்கு மின்சாரம் ஓடவேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். நான்கு பங்கு, அதாவது 50 விழுக்காடு என்றால் உருண்டு திரண்ட குரல். இரண்டு பங்கு, 25 விழுக்காடு என்றால் இன்னும் பிரகாசமானது. ஒரே பங்கு, 12.5 என்றால் மெலிந்து மூக்கால் பாடும் குரல். ஆறு பங்கும் உண்டு. ஆனால் 75 விழுக்காடு என்பது 25ஐத் தலைகீழாகப் போட்டது. காதுக்கு இரண்டும் ஒன்றே. நான்கு வாய்ப்பு, மூன்று குரல். இவற்றை ஒரு சுரத்துக்குள்ளேயே மாற்றலாம். முதல் கணம் மெலிந்த குரல், உடனே தடித்த குரல் என்று வைத்தால் தந்தியைச் சுண்டிய தாக்குதல் வந்துவிடும். ஒலியளவுக்கு 16 படிகள்; அவற்றை நொடிக்கு 60 முறை, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் மாற்றலாம். சட்டென்று இறக்கினால், உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும் கிதார்.

மூன்றாவது குரலான முக்கோண அலை 32 படிகளில் ஏறி இறங்குகிறது. மேற்சுரங்கள் வேகமாகத் தேய்வதால் குரல் மென்மை. சதுரக் குரல்களைவிட ஒரு ஸ்தாயி கீழே, நொடிக்கு 27 அதிர்வு வரை இறங்கும். பியானோவின் கடைசிக் கட்டை தரும் சுரம் அது. அடித்தளம் வாசிக்கும் பேஸ் கிதார் கிடைத்துவிட்டது. இதற்கு ஒலியளவுக் கட்டுப்பாடு கிடையாது, ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. அந்தக் குறையிலும் ஒரு வித்தை கண்டார்கள்: சுரத்தை மின்னலாக உயரத்திலிருந்து கீழே சரித்தால் பெரிய தோல்மேளத்தை அடித்ததுபோல் 'டும்' என்கிறது. ஒரே குரல் பேஸும் வாசித்து, இடையிடையே மேளமும் அடித்தது.

நான்காவது குரலான இரைச்சல் எனக்கு மிகவும் பிடித்தது. மழைச் சத்தம் போன்ற ஒழுங்கற்ற ஒலியை, ஒழுங்கைத் தவிர வேறெதுவும் தெரியாத எந்திரம் எப்படி எழுப்பும்? 15 கட்டங்களை வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. வலது கோடியில் இருக்கும் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. வரிசை முழுவதையும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளுங்கள். கோடியில் இருந்தது விழுந்துவிடும். இடது கோடியில் காலியான கட்டத்தில் விடையைப் போடுங்கள். திரும்பவும் அதையே செய்யுங்கள். கோடியில் நிற்கும் எண்ணைப் பொறுத்து ஒலி எழும் அல்லது அணையும். அவ்வளவுதான். இந்த எளிய வேலை, 15 கட்டங்களிலும் வரக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும், அனைத்தும் 0 என்ற ஒன்றைத் தவிர, ஒவ்வொரு முறை தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். மொத்தம் 32,767 படிகள். மிக மெதுவான வேகத்தில் ஓடவிட்டால் ஒரு சுற்று முடிய ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். அதில் ஒழுங்கைக் கண்டுபிடிக்கக் காதால் முடியாது. குட்டித் துண்டாக வெட்டினால் ராக் மேளத்தின் 'ட்ஷ்', இன்னும் குட்டியாக்கினால் தாளத்தட்டின் 'டிக்'. ஒப்பிடும் கட்டத்தை மட்டும் மாற்றினால் சுற்று 93 படிகளாகச் சுருங்கி, உலோகத்தைத் தட்டும் ஒலியாகிவிடும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ள அனுப்பும் குறியீடும் இதே வகைத் தள்ளுவரிசையில்தான் பிறக்கிறது. வழி காட்டும் கைபேசியும் மேரியோவின் மேளமும் ஒரே கணக்கு.

ஐந்தாவது குரல் நிஜப் பதிவை ஒலிக்கும், மிகச் சிக்கனமாக. ஒவ்வொரு கணமும் 'ஒரு படி ஏறு' அல்லது 'ஒரு படி இறங்கு' என்ற ஒரே ஒரு பிட். அப்படியும் உயர்ந்த தரத்தில் ஒரு நொடிக்கு நான்கு கிலோபைட் தின்றுவிடும் என்பதால் மேள அடிகளுக்கு மட்டும் எடுத்துவைத்தார்கள். சன்சாஃப்ட் நிறுவனத்தினர் 1990இல் 'ஜர்னி டு சிலியஸ்' விளையாட்டில் பேஸ் கிதாரின் ஒலியையே இதில் ஏற்றினார்கள். முக்கோணக் குரல் விடுதலை பெற்று மேளத்துக்குப் போனது. அந்த பேஸின் அதட்டலைக் கேட்டால் எட்டு பிட் எந்திரம் என்றே நம்பத் தோன்றாது.

குரல்கள் போதாதபோது காதின் பலவீனங்களைப் பயன்படுத்தினார்கள். முதல் சதுரக் குரல் வாசித்ததை இரண்டாவது குரல் சற்றுத் தாமதமாக, தணிந்த ஒலியில் திரும்பச் சொன்னால் பெரிய அரங்கின் எதிரொலி. மூன்று சுரங்களை ஒரே குரலில் நொடிக்கு 50, 60 முறை மாற்றி மாற்றி வாசித்தால் காது அவற்றைச் சேர்த்து ஒரே கூட்டுச்சுரமாக எடுத்துக்கொள்ளும். இந்த மினுமினுக்கும் கூட்டுச்சுரம் ஐரோப்பாவில் கொமடோர் 64 கணினியின் அடையாளமாகவே ஆகிப்போனது. 1982இல் வந்த அந்தக் கணினியில் பாப் யான்ஸ் வடிவமைத்த எஸ்.ஐ.டி. சில்லுக்கு மூன்றே குரல்கள்தான்.

மேரியோ குதிக்கும்போது எழும் 'பொய்ங்' கேட்டிருப்பீர்கள். அதற்கென்று தனிக் குரல் கிடையாது. பாடிக்கொண்டிருக்கும் சதுரக் குரல்களில் ஒன்றைப் பிடுங்கித்தான் அந்த ஒலி எழுகிறது. அந்தக் கணத்தில் இசையில் ஒரு பகுதி அறுந்துபோகிறது. நமக்கு அது தெரிவதில்லை. பலமான ஒலி ஒன்று குறுக்கிட்டால், அதன் பின்னால் பழைய ஒலி தொடர்ந்ததாகவே மூளை நிரப்பிக்கொள்ளும். மேரியோவுக்கு இசையமைத்த கோஜி கோண்டோ, டீப் பர்ப்பிள், எமர்சன் லேக் அண்ட் பாமர் போன்ற ராக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்.

ராக்கை வெளிப்படையாகவே கொண்டாடியது காப்காம் நிறுவனம். 1987இல் அவர்கள் வெளியிட்ட 'மெகா மேன்' ஜப்பானில் 'ராக்மேன்'. அதன் நாயகனின் தங்கை பெயர் ரோல். பின்னால் வந்த அண்ணன் பெயர் ப்ளூஸ். அடுத்த ஆண்டு வந்த 'மெகா மேன் 2'க்கு தகாஷி தத்தெயிஷி அமைத்த இசையில், வில்லன் வைலியின் கோட்டையில் ஒலிக்கும் மெட்டைக் கேளுங்கள். ஓடும் பேஸ், சீறும் இரைச்சல் மேளம், மேலே ஒரு கிதார் தனியாவர்த்தனம். கொடுத்த நான்கு ஐந்து குரல்களுக்குள் இவ்வளவும் நடக்கிறது. கொனாமி நிறுவனமோ 1989இல் 'காசில்வேனியா' வரிசையின் மூன்றாவது விளையாட்டுக் கேசட்டுக்குள்ளேயே தன் சொந்த ஒலிச் சில்லைப் பொருத்தி மேலும் மூன்று குரல்களைச் சேர்த்தது. ஜப்பானியப் பெட்டியில் கேசட் வழியாக ஒலி செல்லப் பாதை இருந்தது. அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பாதை இல்லை. எனவே அங்குள்ள குழந்தைகள் அதே இசையை ஐந்து குரல்களுக்குச் சுருக்கித்தான் கேட்டார்கள்.

சில்லுக்காக எழுதிய இசை பிறகு நிஜக் கிதார்களிடம் வந்து சேர்ந்தது. ஃபேமிகாமில் 'ஃபைனல் ஃபேன்டசி'க்கு இசையமைத்த நோபுவோ உவெமட்ஸு, அந்த இசையைக் கனத்த ராக்காக வாசிக்கவே 'பிளாக் மேஜஸ்' என்ற குழுவை நடத்தினார். அதன் முதல் தொகுப்பு 2003இல் வந்தது. நியூயார்க்கின் அனமனகூச்சி குழு நிண்டெண்டோ சில்லையே கிதார்களுக்கு நடுவே ஒரு வாத்தியமாக மேடையில் வைத்து வாசித்துப் புகழ்பெற்றது.

தமிழ்நாட்டில் 1990களில் இந்த விளையாட்டுகளை ஆடியவர்களில் பலர் அசல் நிண்டெண்டோ பெட்டியைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். கடைகளில் கிடைத்தவை அதைப் பார்த்துச் செய்த மலிவான பெட்டிகள். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான விளையாட்டு என்று எழுதியிருக்கும். அந்தப் போலிகள் பலவற்றின் சில்லில் சின்னப் பிசகு ஒன்று உண்டு. சதுர அலையின் பங்கைத் தேர்வு செய்யும் இரண்டு பிட்டுகள் இடம் மாறியிருக்கும். விளையாட்டு 50 விழுக்காட்டு அலையைக் கேட்டால் சில்லு 25 தரும், 25 கேட்டால் 50 தரும். சுரமும் தாளமும் அப்படியே இருக்க, குரல் மட்டும் மாறிவிடும்: தடித்துப் பாடவேண்டிய மெட்டு மெலியும், மெலிந்து பாடவேண்டியது தடிக்கும். பரணில் அப்படியொரு பெட்டி இன்னும் உயிரோடு இருந்தால், 'காண்ட்ரா'வையோ 'மெகா மேன் 2'ஐயோ போட்டு, இணையத்தில் கிடைக்கும் அசல் ஒலியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் பெட்டி எந்த வகை என்பது முதல் சில சுரங்களிலேயே தெரிந்துவிடும்.